லுக்லாவில் அன்று குட்டையாக இருந்தது எது?

2 மார்ச், வாசகர் கேள்வி

"நேபாளத்தின் லுக்லாவில் 2019 ஏப்ரலில் ஒரு சிறு விமானம் கிளம்பும்போதே ஹெலிகாப்டர்கள் மீது மோதியது. ஓடுதளம் அரை கிலோமீட்டர்தான். உயரமோ மூவாயிரம் மீட்டரை நெருங்குகிறது, காற்று மெல்லியது. வேகம் போதவில்லை, விழுந்தது. இதற்கு மேல் காரணம் தேட என்ன இருக்கிறது?"

2 மார்ச், இரவு 10.40

நிறைய இருக்கிறது. வேகம் போதாத விமானம் ஓடுதளத்தின் கடைசியில்தான் மாட்டிக்கொள்ளும். இது தொடக்கத்திலேயே பக்கவாட்டில் போய்விட்டது. காலையில் எழுதுகிறேன்.

3 மார்ச், காலை 6.15

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 14. நமக்கு விகாரி ஆண்டுப் பிறப்பு, நேபாளத்தாருக்கும் அன்றுதான் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடியோடு சாப்பிட உட்கார்ந்தபோது தொலைக்காட்சியின் அடிவரியில் செய்தி ஓடியது, அதனால் தேதி மறக்கவில்லை. காலை ஒன்பது மணி அளவில் சம்மிட் ஏர் நிறுவனத்தின் லெட் எல்-410 விமானம் லுக்லாவிலிருந்து கிளம்ப ஓடத் தொடங்கியது. சில நொடிகளில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, புல்லைக் கடந்து, வேலியை இடித்து, ஹெலிபேடில் நின்ற ஒரு ஹெலிகாப்டரில் மோதி, அதையும் தள்ளிக்கொண்டு கீழ்மட்ட ஹெலிபேடில் நின்ற இன்னொன்றின் மேல் போய் நின்றது. துணை விமானியும், தரையில் பணியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்களும் இறந்தார்கள்.

விசாரணைக் குழு சொன்ன காரணம் இதுதான். வலது இன்ஜினின் பவர் லீவர், அதாவது விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, திடீரென்று பின்னால் நகர்ந்தது. ஒரு பக்கம் விசை, மறு பக்கம் இல்லை. விமானம் வலப்பக்கம் திரும்பியது. விமானிகள் புறப்பாட்டைக் கைவிடவில்லை. லீவர் ஏன் நகர்ந்தது என்று தீர்மானிக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் குழுவே எழுதியிருக்கிறது.

ஓடுதள நீளம் இந்தக் காரணத்தில் எங்கும் வரவில்லை. மெல்லிய காற்றும் வரவில்லை.

3 மார்ச், மதியம்

"நீங்கள் என்ன விமானியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கோவையில் பம்ப்செட் தொழில். தொண்ணூறுகளில் ஒரு பறப்புப் பயிற்சி மன்றத்தில் செஸ்னா 152-இல் நாற்பத்தோரு மணி நேரம் பறந்தேன். அதோடு பணம் தீர்ந்தது, அப்பாவின் பொறுமையும் தீர்ந்தது. ஆனால் லுக்லாவில் கிளம்பும் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 2018 அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டுத் திரும்பினோம், நானும் மனைவியும்.

அந்த ஓடுதளத்தைப் பார்க்காதவர்களுக்காக: நீளம் 527 மீட்டர், அகலம் 30. கடல் மட்டத்திலிருந்து 2,845 மீட்டர். மேல் முனையில் மலைச் சுவர், கீழ் முனையில் பள்ளத்தாக்கு. சரிவு 11.7 சதவீதம். அதாவது இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது மீட்டர் உயர வித்தியாசம், இருபது மாடிக் கட்டடம் அளவுக்கு. மேட்டைப் பார்த்து இறங்குவார்கள், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்புவார்கள். வேறு திசை கிடையாது. சிறு வயதில் பூங்காவில் சறுக்கு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவன் தள்ளுவதற்குக் காத்திருந்ததுதான் எனக்கு நினைவு வந்தது.

நாங்கள் இரண்டாவது வரிசை. விமானி அறைக்குக் கதவு இல்லை, எல்லாம் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தபடி இன்ஜின்களை முழுதாக முடுக்கினார்கள். இருக்கை, தாடை, மனைவியின் மூக்குக் கண்ணாடி எல்லாம் நடுங்கின. லீவர்கள் கூரையிலிருந்து தொங்கின. கேப்டனின் கை அவற்றின் மேல், அந்தக் கையின் மேல் துணை விமானியின் கை. இரண்டு கைகளும் ஒட்டியே இருந்தன. அப்புறம் பிரேக்கை விட்டார்கள்.

3 மார்ச், மாலை 5.50

அந்தக் கைகளை வைத்துத்தான் எனக்கு ஒரு ஊகம். லீவர்கள் தலைக்கு மேலே. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் குலுங்குகிறது, தோள் வலிக்கிறது, கை கீழே சரியும்போது ஒரு லீவரையும் இழுத்துக்கொண்டு வரலாம் அல்லவா? வலதுபுறம் உட்கார்ந்தவர் ஓட்டியிருந்தால், வலது லீவர் நகர்ந்ததற்கு இது பொருந்தும்.

4 மார்ச், காலை 7.05

மேலே எழுதிய ஊகத்தைக் கிழித்துப் போடுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, நீங்கள் போனது ட்வின் ஆட்டர். விழுந்தது எல்-410. அதில் லீவர் கூரையில் இல்லை, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரி. கூரையில் லீவர் தொங்குவது ட்வின் ஆட்டரின் அடையாளம். செக் நாட்டு எல்-410-இல் நடு மேடையில்தான். நான் ஒரு விமானத்தின் கையை எடுத்து இன்னொரு விமானத்தில் ஒட்டவைத்துவிட்டேன்.

நான் பார்த்ததை வைத்து நான் பார்க்காததை விளக்கினால் இப்படித்தான் ஆகும். அழிக்கவில்லை, மேலேயே இருக்கட்டும்.

4 மார்ச், பகல் 11 மணி

சரிவு விமானத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று கேட்டிருந்தார்கள். கடையில் கூட்டமில்லை, ரசீதுப் புத்தகத்தின் பின்புறம் கணக்குப் போட்டேன். 11.7 சதவீதச் சரிவு என்றால் புவியீர்ப்பிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் முடுக்கம் நொடிக்கு நொடி மீட்டர் கணக்கில் 1.15. ஒவ்வொரு நொடியும் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் சும்மாவே கூடுகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிவிட்டாலும் 500 மீட்டர் முடிவில் மணிக்கு 122 கிலோமீட்டர் வேகம் இருக்கும்!

ஆக, லுக்லாவின் 527 மீட்டரைச் சமதரை 527 மீட்டரோடு ஒப்பிடக் கூடாது. கிளம்புகிறவனுக்கு அது அதைவிட நீளமான ஓடுதளம்.

4 மார்ச், பகல் 11.40

டயர் உராய்வை மறந்துவிட்டேன். எடையில் இரண்டு சதவீதம் என்று வைத்தால் 110-க்குப் பக்கத்தில் வரும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஆனாலும் விஷயம் மாறவில்லை.

5 மார்ச், இரவு 9.20

மெல்லிய காற்று ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக ஒருவர் புரிந்துகொண்டு சண்டைக்கு வந்திருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. மெல்லிய காற்றால் விழுந்தது எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன், வித்தியாசம் புரியும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் புரூஸ் மெடோஸ் என்று ஒரு மலைப் புல்வெளித் தளம். 2012 ஜூன் 30. நான்கு பேர் உட்கார்ந்த பழைய ஸ்டின்சன் 108 விமானம். உள்ளே இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகி, உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஓடுதளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், லுக்லாவைப்போல மூன்று மடங்கு. தரை உயரம் 1,940 மீட்டர் அளவு. ஆனால் அன்றைய வெயிலில் காற்று 2,800 மீட்டரில் இருக்கும் காற்றைப்போல லேசாகிவிட்டது. இதைத்தான் அடர்த்தி உயரம் என்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடம் ஓர் உயரம், இறக்கைக்கும் இன்ஜினுக்கும் தெரிவது வேறோர் உயரம்.

அந்தக் காணொளியில் எதுவும் வெடிக்கவில்லை, முறியவில்லை. விமானம் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுகிறது, மறுபடி தரையைத் தொடுகிறது, மறுபடி எழுகிறது. மரங்கள் வருகின்றன. மேலே ஏறவில்லை. கடைசியில் மரங்களுக்குள் மெதுவாக அமிழ்கிறது. நல்லவேளை, நால்வரும் பிழைத்தார்கள். எடை உச்ச வரம்பை ஒட்டி இருந்தது, பின்காற்று வேறு. விமானத்தின் திறனுக்கு அப்பாற்பட்ட அடர்த்தி உயரத்தில், முன்கூட்டியே சரியாகத் திட்டமிடாமல் கிளம்பியதுதான் காரணம் என்று விசாரணை முடிந்தது.

மெல்லிய காற்று இன்ஜினின் வலுவைக் குறைக்கும், விசிறியின் பிடியைக் குறைக்கும், எழத் தேவையான தரை வேகத்தைக் கூட்டும். மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும், ஆனால் அவசரப்படாமல் நெரிக்கும். லுக்லாவில் அப்படி எதுவும் நடக்க நேரமே இருக்கவில்லை.

கிளம்பும்போது விழுந்த விமானம் என்றால் என் முதல் கேள்வி எத்தனையாவது நொடியில் என்பதுதான். எந்த இடம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பிறகு. தொடக்க நொடிகளில் என்றால் திசை, விசை, பூட்டு. நடுவில் என்றால் வேகம் ஏறும் விதம். தரையை விட்டதும் என்றால் எடை, சமநிலை, அவசரமாக மூக்கைத் தூக்கியது.

6 மார்ச், காலை

"லீவர் தானாக நகருமா? பேய் பிடித்ததா?" என்று கேட்டவருக்கு.

நகரும். என் கண்ணெதிரே நகர்ந்திருக்கிறது. செஸ்னாவில் த்ராட்டில் என்பது முன்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமிழ். உள்ளே தள்ளினால் விசை, வெளியே இழுத்தால் ஓய்வு. குமிழின் தண்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், விளிம்பில் ரம்பப் பல் வெட்டியிருப்பார்கள். அதை முறுக்கினால் தண்டைக் கவ்விப் பிடிக்கும். தளர்த்தினால் தண்டு சுதந்திரமாக வழுக்கும். பயிற்சிக்கு வருகிறவன் முறுக்கிவிட்டுப் போவான், அடுத்தவன் தளர்த்துவான். குழாயடி வாளிபோல ஆளுக்கொரு பக்கம்.

ஒரு நாள் எனக்கு முன்னால் பறந்தவன் தளர்த்திவைத்திருந்தான். நான் பார்க்கவில்லை. முழு விசை கொடுத்து ஓடத் தொடங்கினேன். வைகாசி வெயில், புருவத்திலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. த்ராட்டிலில் இருந்த வலது கையை எடுத்துத் துடைத்தேன். இரண்டு நொடிகூட இருக்காது. இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கியது. குமிழ் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. நான் கவனிப்பதற்குள் பயிற்சியாளரின் உள்ளங்கை அதை உள்ளே அழுத்திவிட்டது. விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். மேலே ஏறி, சமதளத்துக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "கை எங்கே இருந்தது, தம்பி?"

"முகத்தில் இருந்தது, சார்."

"முகத்தால் பறக்க முடியுமா?"

அன்று மீதி நேரம் முழுக்க என் கையின் பின்னால் அவர் கையை வைத்துக்கொண்டே வந்தார். தண்டனைபோல இருந்தது.

எங்களுடையது ஒற்றை இன்ஜின். விசை குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவே. இரட்டை இன்ஜினில் ஒரு லீவர் மட்டும் நழுவினால் விமானம் திரும்பும். இரட்டை இன்ஜின் சிறு விமானங்களில் கையை எடுத்ததும் லீவர் பின்னால் நழுவுவது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த தொல்லை. அதற்காகவே உராய்வுப் பூட்டு, அதைச் சரிபார்க்கப் பட்டியலில் ஒரு வரி.

லுக்லாவில் உராய்வுப் பூட்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. போன தடவை சூடு பட்டது போதும்.

6 மார்ச், மதியம் 2.30

"இருக்கை பின்னால் வழுக்கியிருந்தால்?" நல்ல கேள்வி. செஸ்னாக்களில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. இருக்கை ஒரு தண்டவாளத்தில் ஓடும், ஊசி ஒன்று துளையில் விழுந்து பூட்டும். துளை தேய்ந்தால் பூட்டு நிற்காது. முழு விசையில் ஓடும்போது இருக்கை பின்னால் போகும், விமானி பிடித்துக்கொள்ள எதையாவது இழுப்பார். கையில் அகப்படுவது திசைப்பிடியும் த்ராட்டிலும்தான். அமெரிக்க அதிகாரிகள் 1987-லேயே அந்தத் தண்டவாளங்களைத் தவறாமல் பரிசோதிக்கச் சொல்லி ஆணை போட்டார்கள். என் பயிற்சி நாட்களில் உட்கார்ந்ததும் பின்புறத்தால் இரண்டு முறை குலுக்கிப் பார்ப்போம். மாடு கொட்டகையில் இடம் பிடிப்பதுபோல இருக்கும்.

லுக்லாவுக்கு இது பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. ஆளே பின்னால் போயிருந்தால் இரண்டு லீவரும் சேர்ந்து வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி வந்திருந்தால் விமானம் நேராகவே ஓடி நின்றிருக்கும்.

6 மார்ச், இரவு 11 மணி

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, எழுந்துவிட்டேன்.

இந்த விபத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது சுக்கானுக்கு வேலை இல்லை. காற்று வேகமாக அதன்மேல் அடித்தால்தான் அது வாலைத் திருப்பும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, ஒரு பக்க இன்ஜின் முழு விசையில் தள்ளினால், சுக்கான் மிதியை முழுதாக மிதித்தாலும் நேர்செய்ய முடியாது. மூக்குச் சக்கரமும் பிரேக்கும் கொஞ்சம் உதவும். உண்மையான மருந்து ஒன்றுதான்: நழுவியதை முன்னால் தள்ள முயலாமல், நன்றாக ஓடும் இன்ஜினையும் பின்னால் இழுத்துவிடுவது. இரண்டும் ஓய்வு, பிரேக், அப்படியே நில்.

சொல்வது சுலபம். முழு விசை கொடுத்து, முன்னால் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, "இங்கே கிளம்பினால் கிளம்பியதுதான்" என்று மனத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு, விசையைக் குறை என்று உடம்பு சொல்லாது. லுக்லாவில் பாதி தூரம் போன பிறகு அந்த எண்ணம் சரியானதே. தவறு என்னவென்றால், மூன்றாவது நொடியிலும் அது அப்படியே இருந்துவிடுவது.

கணக்குப் போட்டேன் (இந்த முறை உராய்வோடு). நொடிக்கு நொடி 3 மீட்டர் முடுக்கம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாவது நொடியில் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், ஓடிய தூரம் நாற்பது மீட்டருக்குள். சுமாரான பிரேக் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சரிவே தின்றுவிடும். மீதியில் பிடித்தாலும் இன்னும் ஐம்பது மீட்டரில் நின்றுவிடலாம். திகைத்து நிற்க இரண்டு நொடி சேர்த்தாலும் மொத்தம் 170 மீட்டர். 527-இல் 170! நீளவாக்கில் இடம் கொட்டிக்கிடந்தது.

அகலத்தைப் பாருங்கள். ஓடுதளம் 30 மீட்டர். எல்-410-இன் இறக்கை நுனிக்கு நுனி 20 மீட்டர். நட்டநடுவில் ஓடினாலும் இறக்கை நுனிக்கு வெளியே பக்கத்துக்கு ஐந்து மீட்டர்தான் மிச்சம், என் கடை வாசலைவிடச் சற்று அதிகம். அன்று குட்டையாக இருந்தது அந்த அகலம். உலகமே அந்த ஓடுதளத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. நானும் 2018-இல் பள்ளத்தாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க ஜன்னலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

7 மார்ச், காலை 8 மணி

வலப்பக்கம் என்ன இருந்தது என்றால், ஹெலிபேட். கிளம்பும் விமானத்தின் ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே ஹெலிகாப்டர்கள், ஆட்கள், சுழலும் விசிறி. எல்-410 மோதியபோது முதல் ஹெலிகாப்டரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துணை விமானியின் உயிரை எடுத்தது அதுதான்.

விமானம் திரும்பியதற்குக் காரணம் லீவர். மூன்று பேர் இறந்ததற்குக் காரணம் அங்கே என்ன நிறுத்தியிருந்தார்கள் என்பது. இரண்டையும் ஒன்றாகக் குழைக்கிறோம். அந்த இடத்தில் வெறும் புல் மட்டும் இருந்திருந்தால் நசுங்கிய மூக்கும் வளைந்த விசிறியுமாக முடிந்திருக்கலாம் என்பது என் கட்சி. மலையூரில் சமதரைக்கு எங்கே போவது என்று எதிர்க்கட்சி கேட்கும். கேட்கட்டும், அதுவும் நியாயம்தான்.

7 மார்ச், மாலை

மலையூரில் சமதரை என்றதும் நினைவுக்கு வந்தது. அந்த ஓடுதளத்தைக் கட்டவைத்தவர் எட்மண்ட் ஹிலாரி, 1964-இல். முதலில் அவர் கேட்டது தட்டையான விளைநிலத்தை. விவசாயிகள் கொடுக்கவில்லை. சோறு போடும் நிலத்தை யார் கொடுப்பார்கள்? ஆகவே சரிவு நிலம், 2,650 டாலருக்கு. மண்ணை இறுக்க எந்திரம் கிடையாது. ஷெர்ப்பாக்களுக்கு மது வாங்கிக் கொடுத்து, காலால் தரையை மிதித்து ஆடும் நடனத்தை அங்கேயே ஆடவைத்து இறுக்கினாராம். 2001-இல்தான் தார் போட்டார்கள். 2008 ஜனவரியில் ஹிலாரி இறந்த பிறகு டென்சிங், ஹிலாரி இருவர் பெயரையும் வைத்தார்கள்.

இன்னொன்று உண்டு, அதை எழுதலாமா என்று யோசித்தேன். 1975 மார்ச் 31. ஹிலாரி ஃபாப்லுவில் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க மனைவி லூயிஸும் கடைசி மகள் பெலிண்டாவும் காத்மாண்டுவிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பினார்கள். கிளம்பியதுமே விழுந்தது. இருவரும் இறந்தார்கள். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க, இறக்கையின் அசையும் தகடுகளை ஊசி போட்டுப் பூட்டிவைப்பது வழக்கம். அந்த ஊசியைக் கழற்றவே இல்லை.

விரல் நீள ஊசி. மலையும் இல்லை, மெல்லிய காற்றும் இல்லை, காத்மாண்டுவின் ஓடுதளம் குட்டையும் இல்லை.

8 மார்ச், காலை

"பூட்டைக் கழற்றாமல் யாராவது கிளம்புவார்களா?" கிளம்புவார்கள். 1935-இல் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் அப்படித்தான் ரைட் ஃபீல்டில் விழுந்தது, அதற்குப் பிறகுதான் விமானிகளிடம் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கமானது. 2014-இல் அமெரிக்காவின் பெட்ஃபர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம், பட்டியலெல்லாம் இருந்தும், பூட்டோடு ஓடி ஏழு பேர் இறந்தார்கள். நேற்று என் கடையில் வால்வைத் திறக்காமல் ஒரு பம்பைச் சோதனைக்குப் போட்டோம். இருபத்தெட்டு வருட அனுபவம் எனக்கு.

9 மார்ச், இரவு

ஊகம் செய்வதைப் பற்றி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "இறந்தவர்கள் பதில் சொல்ல முடியாது என்பதால் அவர்கள் கைமீது பழி போடுகிறீர்கள்." சுருக்கென்றது. பதிலுக்கு ஒன்று சொல்கிறேன், அது எனக்கு எதிராகத்தான் இருக்கும்.

2017 பிப்ரவரி 21, மெல்போர்னின் எசன்டன் விமான நிலையம். கிங் ஏர் என்ற இரட்டை இன்ஜின் சிறு விமானம் ஒன்று கிளம்பியதும் இடப்பக்கம் இழுத்துப் பக்கத்து வணிக வளாகத்தின் கூரையில் விழுந்தது. ஐவர் இறந்தார்கள். அன்று மாலைக்குள் உலகம் முழுக்க இடது இன்ஜின் நின்றுவிட்டது என்று முடிவுகட்டியாயிற்று. நானும்தான். லீவர் நழுவியிருக்கும் என்று நண்பர்களிடம் பந்தயமே கட்டினேன். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்களின் அறிக்கை வந்தது. இன்ஜின்களில் கோளாறே இல்லை. சுக்கானை நிலைநிறுத்தும் சிறு சக்கரம், ட்ரிம் என்பார்கள், முழுக்க இடப்பக்கம் திருப்பியபடியே இருந்தது. அதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். பந்தயத்துக்கு இரண்டு பிரியாணி போனது.

ஒரு பக்கம் இழுத்தது என்பது அடையாளம் மட்டுமே. அதே அடையாளத்துக்கு இன்ஜின், லீவர், ட்ரிம், பிரேக், பக்கக்காற்று, டயர் என்று ஆறு தகப்பன்கள் இருக்க முடியும். ஆகவே லுக்லா அறிக்கை "ஆதாரம் போதவில்லை" என்று நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்திக்கொள்கிறேன். யார் கையால், எப்படி என்று இனி எழுத மாட்டேன். கைவிடாதது பற்றி மட்டும் சொல்வேன், அதை அறிக்கையே சொல்கிறது.

10 மார்ச், மதியம்

"அப்படியானால் லுக்லா ஆபத்தில்லையா, குடும்பத்தோடு போகலாமா?" என்று கேட்கிறார் ஒருவர். ஐயா, அப்படி எங்கே சொன்னேன்? அங்கே பெரிய பலி எல்லாம் இறங்கும்போதுதான். 2008 அக்டோபரில் ட்வின் ஆட்டர் மூடுபனியில் ஓடுதளத்துக்குச் சற்றுக் கீழே மோதி 18 பேர் போனார்கள், கேப்டன் மட்டும் பிழைத்தார். 2017 மே மாதம் சரக்கேற்றிய ஓர் எல்-410-உம் ஓடுதளத்தை எட்டாமல் விழுந்து விமானிகள் இருவர் இறந்தார்கள். காலையில் மேகம் ஏறுவதற்குள் போய்விடுங்கள், விமானம் ரத்தானால் சண்டை போடாதீர்கள். முழங்கால் நன்றாக இருந்தால் நடந்தும் போகலாம், சில நாள் கூடுதலாக ஆகும்.

12 மார்ச், இரவு 10.10

மனைவி பழைய கைப்பேசியை அலமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜ் ஏற்றியிருக்கிறாள். 2018 அக்டோபரில் லுக்லாவிலிருந்து கிளம்பியதை அவள் படம் பிடித்திருந்தாள், எனக்கு மறந்தே போயிருந்தது. நடுக்கத்தில் படம் கலங்கல். இரைச்சல் உச்சத்துக்குப் போகிறது, யாரோ மந்திரம் சொல்கிறார்கள், அநேகமாக நான்தான். பிரேக்கை விட்டதிலிருந்து தரை விலகும் வரை பதினெட்டு நொடிகள்.

நான் எழுதியது நினைவிருக்கிறதா? இரண்டு கைகளும் ஒட்டியே இருந்தன, அப்புறம்தான் பிரேக்கை விட்டார்கள் என்று. படத்தில் அப்படி இல்லை. பிரேக்கை விடும்போது லீவரில் கேப்டனின் கை மட்டும்தான். துணை விமானி வெயில் மறைப்பை இறக்கிக்கொண்டிருக்கிறார். அவர் கை மேலே வந்து கேப்டனின் கையோடு சேர்வது நாலாவது நொடியில்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலாவதுதான்.

12 மார்ச், இரவு 10.25

இப்போது மனைவியும் எண்ணிப் பார்த்தாள். ஐந்து என்கிறாள்.